குருவிக்காட்டுவலசின் கோப முறை

கதாநாயகனுக்கும் டைரக்டருக்கும் சண்டை வந்தது, வாய்க்கால் தண்ணீரில் யார் நனைவது என்று. அந்தச் சண்டையில் கால் போனது தேங்காய் உரிக்கிற ரங்கராசுக்கு. இடையில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது பொய் மாதிரி இருக்கும். சொன்னாலும் அப்படித்தான் இருக்கும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நனைய மாட்டேன், வேறு ஆளை வைத்துக்கொள் என்று கதாநாயகன் சொல்ல, நீ நனைந்தால்தான் படம் என்று டைரக்டர் சொல்ல, இரண்டு பேரும் இரண்டு காரில் ஏறி இரண்டு திசையில் போய்விட, பின்னாலேயே லைட்டுக்காரர்களும் சமையல்காரர்களும் குடை பிடிக்கிறவரும் ஆட வந்த பெண்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட, கடைசியில் குருவிக்காட்டுவலசு வாய்க்கால் பாலத்தை ஒட்டிய வளைவில் மிச்சம் நின்றது கதாநாயகன் காலை நீட்டிப் படுக்கிற கேரவன். அது தானாக ஓடுகிற ரகம் இல்லை. முன்னால் ஒரு வண்டி கொக்கி மாட்டி இழுத்தால்தான் நகரும். இழுக்கிற வண்டி ஒருத்தருடையது, பெட்டி இன்னொருத்தருடையது. அந்த இரண்டு பேரும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். டிரைவர் கொக்கியைக் கழற்றி, "பெட்டிக்காரன் வந்து பெட்டிய எடுத்துக்கட்டும்" என்று தென்னந்தோப்புக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார். பெட்டியின் நிறம் தார் ரோட்டின் நிறம். பொழுது இறங்கிவிட்டால் எது ரோடு எது பெட்டி என்று தெரியாது. வளைவில் தெருவிளக்கும் கிடையாது.

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து பெட்டியைச் சுற்றி மஞ்சள் ரிப்பன் கட்டி, "கேஸ் இருக்கு, யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். குருவிக்காட்டுவலசுக்காரர்கள் தொடக் கூடாது என்றால் தொட மாட்டார்கள். ரிப்பன் ரோட்டில் முக்கால்வாசியை அடைத்திருந்தது. பஸ்ஸும் டிராக்டரும் கல்யாண ஊர்வலமும் மிச்சக் கால்வாசியில் ஒருக்களித்துப் போகப் பழகிக்கொண்டன. அந்த நெருக்கடியில் முதலில் ஒரு வெள்ளாடு அடிபட்டுச் செத்தது. பிறகு, வெளியூரிலிருந்து பாத்திரம் விற்க வந்தவர் சைக்கிளோடு மோதி முன்பல் இரண்டையும் வாய்க்காலில் விட்டார். அப்போதும் தொடவில்லை.

அப்புறம்தான் ரங்கராசு. தோப்பில் நாள் முழுக்கத் தேங்காய் உரித்துவிட்டு, உரிக்கிற பாரையை மொபெட்டின் குறுக்கே கட்டிக்கொண்டு, பொழுதோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதே என்று நினைத்தார், அந்தக் கெட்டிக்குள்ளேயே போய் விழுந்தார். பாரை திரும்பி அவர் வலது காலிலேயே இறங்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தேங்காய் உரிக்க இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும், ஒற்றைக் காலில் உரித்தவர் யாரும் இல்லை.

ரங்கராசுவைப் பற்றி ஊரில் ஒரே பேச்சுதான்: அந்த மனுசனுக்குக் கோபம் வராது. மயக்கம் தெளிந்து அவர் சொன்ன முதல் பேச்சு, "விடு புள்ள. அவங்க மேல என்ன தப்பு. நாந்தான் கொஞ்சம் ஒதுங்கி வந்திருக்கோணும்."

"எங்கீங்க ஒதுங்குவீங்க," என்றாள் அவர் மனைவி மயிலாத்தாள். "வாய்க்காலுக்குள்ளயா?"

மயிலாத்தாள் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பஞ்சர் கடை வைத்திருந்தாள். டயரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துப் பார்த்து, எந்த மனுசன் எங்கே காற்று விடுகிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பார்கள். அவர்களுக்கு ஒரே மகள், சுகந்தி. நூல் மில்லில் வேலை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் மில் வேன் அவளையும் மற்றப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் திரும்பித்தான் ஊருக்குள் வர வேண்டும். புருசன் கால் போன நாளிலிருந்து, அந்த நேரமானால் மயிலாத்தாளுக்குக் கையிலிருக்கிற வேலை ஓடாது. வேன் சத்தம் கேட்டு, வளைவு தாண்டி, மகள் இறங்கி, "அம்மா, பசிக்குது" என்று சொன்ன பிறகுதான் மூச்சு இறங்கும். மறுநாள் பொழுதோடு மறுபடி ஏறும்.

அவள் டவுனுக்குப் போய் ரோடு ஆபீஸ் இன்ஜினியரைப் பார்த்தாள். சௌந்தரபாண்டியன் என்று பேர். அவருக்கும் கோபம் வராது. பிறந்தபோதுகூட அழாமல் டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார் என்று அவர் ஜீப் டிரைவரே சொல்வார். வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்து, ஏலக்காய் போட்ட டீ வரவழைத்து, சர்க்கரை போதுமா என்று கேட்பார்.

"ரோடு எங்களதுதாம்மா," என்றார். "பெட்டி எங்களது இல்லையே. கேஸ் முடியட்டும், பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள இருட்டுல இன்னொருத்தர் வந்து மோதுனா யாருங்க பொறுப்பு?"

"அப்படியெல்லாம் ஆகாதும்மா. டீ ஆறுது பாருங்க."

அவள் குடித்தாள். நல்ல டீ. பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் எதற்காகப் போனோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

சரி, பெட்டியை எடுக்க மாட்டார்கள், விளக்காவது வைப்போம் என்று மயிலாத்தாள் கைவேலையில் இறங்கினாள். வண்டி பழுதாகி நின்றால் எல்லாரும் செய்வதுபோல் வேப்பங்கிளையை ஒடித்து ரோட்டில் போட்டுக் கல் வைத்தாள். மிச்சமிருந்த வெள்ளாடுகள் தின்றுவிட்டன. சிவப்புச் சேலையைக் கிழித்துப் பாட்டிலில் சுற்றி உள்ளே திரி போட்டாள். காற்று ஊதி அணைத்தது. பழைய சினிமா சி.டி.க்களைக் கோத்துத் தொங்கவிட்டாள். எதிரே வருகிற லைட் பட்டு அவை மினுங்கியதைப் பார்த்து, கடை இருக்கிறது என்று இரண்டு பேர் இறங்கி வந்து பரோட்டா கேட்டார்கள். லாரி பேட்டரியில் இண்டிகேட்டரைக் கட்டி வைத்தாள். பேட்டரியை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள், இண்டிகேட்டரை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டு.

ஒருநாள் பொழுது சாயும்போது ரிப்பனை அறுக்காமல் குனிந்து அடியில் புகுந்து, கேரவன் கதவை டயர் நெம்பும் கம்பியால் நெம்பித் திறந்தாள். உள்ளே மெத்தை, குளிர்சாதனம், ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றி மாலை போட்டாற்போல் பல்புகள், கதாநாயகனின் மூஞ்சியில் ஒரு பக்கம்கூட இருட்டு விழக் கூடாது என்பதற்காக. ஒருத்தன் மூஞ்சிக்கு இத்தனை விளக்கு, ஒரு ஊர் வளைவுக்கு ஒன்றுகூட இல்லை என்று நினைத்துக்கொண்டே அத்தனையையும் திருகி மடியில் கட்டினாள். வெளியே கல்லில் உட்கார்ந்து, கடையில் கிடந்த பழைய பேட்டரியில் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். எரியவில்லை. வயரைக் கழற்றினாள், மறுபடி சுற்றினாள். பேட்டரி செத்துப் பல நாளாகியிருந்தது.

அப்போது அந்த வழியாக மொபெட்டில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு குடிச்சிட்டு வந்துதான் மோதுனாருன்னு டவுன்ல பேசிக்கறாங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார்.

வெற்றிலைகூடப் போடாத மனுசனை. மயிலாத்தாளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி நெஞ்சுக்கு வந்து தோளுக்கு ஏறிக் கை வழியாக இறங்கியது. வயர் எதுவும் தொடாமல் அவள் விரல்களுக்கு நடுவே இருந்த பல்பு, கொல்லன் உலையில் பழுத்த இரும்பு மாதிரி, செக்கச் செவேல் என்று எரிந்தது. வளைவு முழுக்கச் சிவந்தது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குது," என்று சொல்லிவிட்டு, மொபெட்காரர் பெட்டியை ஒதுக்கி ஜாக்கிரதையாகப் போனார்.

மறுநாள் ஊர் கூடிப் பார்த்தது. கோபத்தில் பல்பு எப்படி எரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மழையில் நனையலாமா, ஒரு கோபத்துக்கு எத்தனை நேரம் எரியும், பெண்ணுக்கு எரிவது போல ஆணுக்கும் எரியுமா என்பதுதான். எரிந்தது. மழையில் நனைந்தும் எரிந்தது. பெட்டியின் நாலு மூலையிலும் கொக்கியிலும் கூரையிலும் பல்புகளை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு ஆள் அதைக் கையில் பிடித்து நன்றாக, மனசாரக் கோபப்பட்டுவிட்டுப் போனால், விடிகிற வரைக்கும் தாங்கும். ஆனால் அந்த ஆள் சமாதானமாகிவிட்டால், எங்கே இருந்தாலும் சரி, இங்கே அந்தப் பல்பு அணைந்துவிடும்.

வாய்க்கால் மடை திறந்து மூடுகிற லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற அப்புசாமிதான் இதற்கு வழி பண்ணினார். தண்ணீர் முறை வைத்து ஊரைக் காப்பாற்றியவர் அவர். இன்ன நாள் இன்னார் வயலுக்குத் தண்ணீர் என்பது அவருக்கு மனப்பாடம். அதே முறையைக் கோபத்துக்கும் வைத்தார். வாய்க்காலின் தலைமடைக்காரர்கள் திங்கள், நடுமடைக்காரர்கள் செவ்வாய், கடைமடைக்காரர்கள் புதன், அப்படியே சுற்றி வரும். "முறையன்னிக்கு யாரும் பகல்ல கோவத்தச் செலவு பண்ணிரப்படாது. எச்சாக் கோவம் இருக்கறவங்க பக்கத்து ஊட்டுக்குக் கடனாக் குடுக்கலாம். மடைய ஒடச்சுத் திருடறவன் மாதிரி கோவத்தத் திருடுனா அபராதம்," என்றார்.

இப்படியாக ஊரில் பகலெல்லாம் அமைதி நிலவியது. மாமியாரும் மருமகளும் காலையில் தொடங்கிய பேச்சைப் பாதியில் நிறுத்தி, "பொழுதோட வெச்சுக்கலாம் அம்மிணி, இன்னிக்கு நம்ம முறை" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள். வேலி தகராறுக்காரர்கள் வேலியைத் தொடாமல் வைத்திருந்து வளைவுக்கு வந்து கத்தினார்கள். கொப்பரை வியாபாரிக்கு விலை இறங்கிய கோபம், தறிக்காரருக்குக் கரண்ட்டு போன கோபம், வாத்தியாருக்குத் தன் கையெழுத்தின் மேலேயே கோபம். அற்பக் கோபம் மஞ்சளாக எரிந்து சிமிட்டியது. பொய்க் கோபம் எரியவே இல்லை. கூத்தில் இரணியனாக வேஷம் கட்டுகிறவர் மீசையை முறுக்கி ரோடு அதிர உறுமிப் பார்த்தார், பல்பு அவரை வெறும் கண்ணாடியாகப் பார்த்தது. மயிலாத்தாளின் பல்பு மட்டும் முறை பார்க்காமல், கடன் வாங்காமல், கொக்கியின் மேல் தினமும் ஒரே சிவப்பாக நின்றது. மில் வேன் டிரைவர் தூரத்திலேயே அந்தச் சிவப்பைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, ஹாரன் அடித்து மரியாதை சொல்லிவிட்டுத் திரும்பினார். சுகந்தி இறங்கி வந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

ரங்கராசுக்கும் ஒரு பல்பு கொடுத்திருந்தார்கள். அது அவர் கட்டிலுக்குப் பக்கத்து மாடத்தில் தூசி படிந்து கிடந்தது.

"ரங்கராசண்ணா, உங்க பல்பு பீஸ் போச்சுங்ளா?" என்று வருகிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

"எனக்குக் கோவம் வர்லீங்க சாமி. வந்தாத்தான எரியும்," என்று அவரும் சிரிப்பார். கால் இல்லாத பக்கத்துப் போர்வையை இழுத்து விட்டுக்கொள்வார்.

"கால எடுத்தாங்களே, அப்பவாச்சும் வந்திருக்கோணுமல்லங்க," என்று மயிலாத்தாள் கேட்டால், "விடு புள்ள, யார் மேலன்னு படறது? சினிமாக்காரன் மேலயா, டிரைவர் மேலயா, கேஸ் போட்டவன் மேலயா? ஒராளு இருந்தாப் பரவாயில்ல" என்பார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அந்த ஞாயம் இருக்கிற வரைக்கும் பெட்டியும் இருந்தது.

குருவிக்காட்டுவலசில் ரோடு சிவக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு மாலை சௌந்தரபாண்டியன் ஜீப்பில் வந்து இறங்கினார். பெட்டியைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு பல்பாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அருமையான ஏற்பாடு," என்றார். "ஊர்னா இப்படி இருக்கணும். இவ்வளவு நல்ல விளக்கு இருக்கறப்ப, பெட்டிய எடுக்க என்னம்மா அவசரம்?"

அன்றைக்கு அந்தப் பல்புகள் எரிந்த எரிப்பில் தோப்பில் தூங்கிய காக்கைகள் விடிந்துவிட்டது என்று கரைந்தன. இன்ஜினியர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கெட்டிக்காரர். அந்த ஊரை அணைக்க என்ன வேண்டும் என்பதைப் போகிற வழியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த வாரம், பொழுது சாய்வதற்கு முன்னால், ஒரு வேன் நிறைய வந்தார். டிரம்மில் ஏலக்காய் டீ, தட்டுத் தட்டாக ஜாங்கிரி, மைக் செட், பொன்னாடை. அப்புசாமிக்கு ஒரு பொன்னாடை, "நீர் மேலாண்மையைப் போல் கோப மேலாண்மை கண்டவர்" என்று. கொப்பரை வியாபாரியிடம் விலை ஏறும் என்றார். தறிக்காரரிடம் கரண்ட்டு வரும் என்றார். வாத்தியாரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்பு அணைந்தது. கடைசியில் மயிலாத்தாளிடம் வந்து, தோளில் பொன்னாடை போர்த்தி, குரலைத் தணித்து, "ரங்கராசு அண்ணனுக்கு வலி எப்படிம்மா இருக்கு? ராத்திரி தூங்கறாரா?" என்று கேட்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுநாள் வரை அந்த ஆபீசிலிருந்து யாரும் அவள் புருசன் பேரைச் சொன்னதில்லை.

"வர்ற புதன்கிழமை பெட்டி இங்க இருக்காது," என்றார் மைக்கில். "இது என் வாக்கு."

டீ நன்றாகத்தான் இருந்தது. மயிலாத்தாள் இரண்டாவது மிடறு குடிக்கும்போது கொக்கியின் மேலிருந்த சிவப்பு மெல்ல மங்கி, ஒரு கணம் நூல் மாதிரி நின்று, அணைந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும், புதன்கிழமைதானே என்று நினைத்தாள். ஜாங்கிரியில் ஒன்றை மகளுக்கென்று முந்தானையில் முடிந்தாள்.

இன்ஜினியரின் வேன் டவுன் பக்கம் போயிற்று. ஊர்க்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டீ டிரம்மைக் கழுவுகிற சத்தம் மட்டும் வாய்க்கால் கரையில் கேட்டது. பொழுது இறங்கியது.

மில் வேன் டிரைவர் தூரத்தில் வரும்போதே பார்த்தார். வளைவில் சிவப்பு இல்லை. விளக்கு இல்லை என்றால் பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம், நல்லவேளை, ஒருவழியாக எடுத்தார்களே என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டே, நீண்ட நாளைக்குப் பிறகு ரோட்டின் நடுவில், நிம்மதியாக, வேகமாகத் திரும்பினார்.

தகரம் கிழிகிற சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது. வேனின் இடப்பக்கம் முழுக்க உரிந்து, வண்டி பாலத்துச் சுவரில் ஏறி நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் வாய்க்கால். கடவுள் புண்ணியம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது, ஒருத்திக்குத் தோள் இறங்கியது, சுகந்திக்கு நெற்றியிலிருந்து கன்னம் வரை கிழிந்தது. மயிலாத்தாள் ஓடிவந்து மகளைத் தூக்கியபோது பொன்னாடைதான் தோளில் இருந்தது, அதைக் கொண்டுதான் இரத்தத்தை அமுக்கினாள். சரிகை குத்தி மகள் முனகினாள்.

ஆஸ்பத்திரியில் தைத்து, கட்டுப் போட்டு, வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சுகந்தி அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வலிக்கலப்பா," என்றாள். பிறகு அவளும் அவரைப் போலவே, அவர் குரலிலேயே சொன்னாள்: "விடுங்கப்பா. டிரைவரண்ணன் மேல தப்பில்ல. விளக்கு இல்லாததுனால எடுத்துட்டாங்கன்னு நெனச்சுட்டாரு."

ரங்கராசு மகளின் முகத்தைப் பார்த்தார். தன்னுடைய "விடு" அந்தக் கிழிந்த முகத்திலிருந்து வருவதைக் கேட்டார். மாடத்தில் தூசி படிந்து கிடந்த பல்பு எரிந்தது. சிவப்பு இல்லை. வெல்டிங் வைக்கும்போது வருமே, நேரே பார்த்தால் கண் போய்விடுகிற வெள்ளை, அந்த வெள்ளை. ஓட்டு இடுக்குகளில் புகுந்து வெளியே வந்து, தெருவில் நின்றவர்களின் நிழலைச் சுவரில் ஆணி அடித்தாற்போல் நிறுத்தியது. அந்த வெளிச்சத்தில் அவரவர் வாயோரத்தில் ஜாங்கிரிப் பாகு ஒட்டியிருந்தது அவரவருக்கே தெரிந்தது. வளைவில் பல்புகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின, முறை இல்லாமல்.

"மயிலா," என்றார் ரங்கராசு. "அந்தப் பெட்டிக்குச் சக்கரம் இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

"காத்து?"

அவள் அவரையே பார்த்தாள். பஞ்சர் கடைக்காரி அவள். அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் தினமும் வந்து போனாள். காற்று இல்லாமல் சப்பளிந்து கிடந்த டயர்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்து போனாள். ஊரில் உள்ள அத்தனை சக்கரத்துக்கும் காற்று அடித்தவளுக்கு, அதற்கும் அடிக்கலாம் என்பது தோன்றவே இல்லை. தொடக் கூடாது என்று சொன்னார்கள், தொடவில்லை.

"அடிக்கறனுங்க," என்றாள்.

விடிந்ததும் ரிப்பனை அவிழ்த்துப் பத்திரமாகச் சுருட்டி வைத்தார்கள். மயிலாத்தாள் டயர்களைக் கழற்றி, தண்ணீரில் அமுக்கி, ஓட்டை அடைத்து, கம்ப்ரசர் வைத்துக் காற்று ஏற்றினாள். டிராக்டர் கொக்கி பெட்டிக்குச் சேரவில்லை. சேராவிட்டால் போகட்டும் என்று கயிறு மில்லிலிருந்து தொடைப் பருமனுக்குத் தேங்காய் நார்க் கயிறு வந்தது. தலைமடை, நடுமடை, கடைமடை என்று பார்க்காமல் எல்லாரும் பிடித்தார்கள். மாமியாரும் மருமகளும் பிடித்தார்கள். பொன்னாடையைத் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டு அப்புசாமி முன்னால் நடந்தார். ரங்கராசுவைக் கேரவன் வாசற்படியில் உட்கார வைத்தார்கள். மடியில் பல்பு, பட்டப்பகலில் எரிந்துகொண்டு. அவர் பேசவே இல்லை. அவர் பேசாததைப் பார்த்து இழுத்தவர்களின் கை இறுகியது. எதிரே வந்த பஸ்கள் ஒதுங்கின. கண்டக்டர்கள் விசாரிக்கவில்லை. ஓட்டுக் கேட்டும் போவார்கள், சாமி தூக்கியும் போவார்கள், இது கோபத்தைத் தூக்கிப் போகிற கூட்டம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் டவுனுக்கு வந்து, இன்ஜினியர் வீடு இருக்கிற தெருவின் வளைவில், விளக்குக் கம்பம் இல்லாத இடமாகப் பார்த்து, ரோட்டில் முக்கால்வாசியை அடைத்துப் பெட்டியை நிறுத்தினார்கள். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். மஞ்சள் ரிப்பனை, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே, முடிச்சு மாறாமல் கட்டினார்கள்.

சௌந்தரபாண்டியன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சிரித்த முகமாக வந்தார். "என்னம்மா இது, சொல்லாம கொள்ளாம. சரி, எல்லாரும் வந்தது சந்தோஷம். உக்காருங்க, டீ போடச் சொல்றேன்."

"டீ புதன்கெழமை குடிச்சுக்கறோமுங்க," என்றார் ரங்கராசு. அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"இங்க நிறுத்தக் கூடாதுங்க. வளைவு. கொஞ்சம் தள்ளி நிறுத்திடுங்க."

"தொடப்படாதுங்க அய்யா," என்றார் அப்புசாமி மிகுந்த மரியாதையோடு. "ரிப்பன் கட்டியிருக்குது பாருங்க. கேஸ் இருக்குது."

"சரி, சரி. அந்த விளக்கையாவது வச்சிட்டுப் போங்க. இருட்டிடுச்சு."

"எங்க விளக்கு எங்களுக்கு வேணுமுங்க. ஊட்டுக்கு நடந்து போகோணும்," என்று சொல்லி மயிலாத்தாள் மடியிலிருந்து எரியாத பல்பு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இதுக்கு வயரு வேண்டாமுங்க. கோவம் வந்தா எரியும்."

"எனக்குக் கோபம் வராதேம்மா," என்றார் அவர், புன்னகையோடு.

"வருமுங்க."

தெருக்கோடியில் ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டியூஷன் முடிந்து வருகிற அவர் மகளின் ஸ்கூட்டர். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும், ஆயிரம் வண்டியில் தெரியும். அவர் பெட்டியைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். அதன் கறுப்பையும், அதற்குப் பின்னால் ரோடு காணாமல் போயிருப்பதையும் பார்த்தார். புன்னகை ஒரு ஓரத்திலிருந்து கழன்றது. கழுத்து நரம்பு புடைத்தது.

"உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா?" என்று கத்தினார். அவர் மனைவி திடுக்கிட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இருபது வருசத்தில் அப்படி ஒரு குரலை அந்த வீடு கேட்டதில்லை. "நடு ரோட்டுல கொண்டுவந்து நிறுத்தறீங்களே, இருட்டுல யாராவது வந்து மோதினா யார் பொறுப்பு?"

அவர் கையிலிருந்த பல்பு குப்பென்று எரிந்தது. தெரு சிவந்தது. ஸ்கூட்டர் பிரேக் போட்டு, வழுக்கி, பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

மயிலாத்தாள்தான் சொன்னாள். "அதத்தானுங்க அய்யா நாங்களும் கேட்டோம்."

மகள் பத்திரமாக நிற்பதைப் பார்த்து அவருக்கு மூச்சு இறங்கியது. இறங்கியவுடன் பல்பு மங்கியது. அதற்குள் பின்னால் இன்னொரு வண்டியின் சத்தம், அதற்கும் பின்னால் ஒரு ஆட்டோ. அவர் அவசர அவசரமாகக் கோபத்தைத் தேடினார். மயிலாத்தாளைப் பார்த்துக் கத்தினார், சினிமாக்காரர்களைத் திட்டினார், பெட்டிக்காரரை, கேஸ் போட்டவரை, கடைசியில் தன் ஆபீஸைத் தானே பேர் சொல்லித் திட்டினார், ஒரு கையில் பல்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு. அந்த ஆபீசில் ஒரு கிரேன் இருப்பதும், போன் பண்ணினால் அது ஒரு மணி நேரத்துக்குள் வரும் என்பதும் அன்றைக்குத்தான் குருவிக்காட்டுவலசுக்குத் தெரிய வந்தது.

கிரேன் வரும்போது ஊர்க்காரர்கள் பாதி வழி போய்விட்டிருந்தார்கள். பெட்டி போன சேதி கேட்டதும் அவரவர் கையில் இருந்த சிவப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. மிச்ச வழிக்கு ரங்கராசுவின் பல்பு மட்டுமே வெளிச்சம். ஒரு கட்டை வண்டியில் அவரை உட்கார வைத்து, அதன் பின்னால் நடந்தார்கள்.

வளைவு இப்போது காலி. ரங்கராசு பாலத்துச் சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொல்லி, அதில் அந்தப் பல்பை மாட்டினார். அது நாளுக்கு நாள் மங்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மங்கவில்லை. வருசம் திரும்பியும் மங்கவில்லை. பஞ்சாயத்தில் அங்கே விளக்குக் கம்பம் போட வந்தவர்கள், ஏற்கெனவே இருக்கிறதே என்று திரும்பிப் போய்விட்டார்கள். அதற்கு வேறு கொஞ்சம் எரிந்தது.

ஒரு நாள் பொழுதோடு, சுகந்தியின் வேன் அந்த வெள்ளை வெளிச்சத்தில் நிதானமாகத் திரும்பிப் போன பிறகு, மயிலாத்தாள் பாலத்துச் சுவரில் ரங்கராசு பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் கன்னத்துத் தழும்பு வெளுத்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டார்கூட ஒன்றும் சொல்லவில்லை, இன்ஜினியருக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

"பெட்டிதான் போயிருச்சே," என்றாள். "இனி விடுங்களேன்."

ரங்கராசு இல்லாத காலைத் தடவிக்கொண்டிருந்தார். அது இருந்த இடத்தில் காற்றைத் தடவுவதுபோல் இருந்தது.

"அது போச்சு," என்றார். "எரியட்டும்."